சேப்பாக்கம் கேலரியும் சளி மாத்திரையும்: விளையாட்டுச் சட்டம் தனிப்பாடமா?

தரமணி ஆசிரியை:
சென்னையில் ஒரு சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அடுத்த பருவத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு விளையாட்டுச் சட்டத்தை விருப்பப் பாடமாக வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதிலிருந்து எங்கள் துறையில் எல்லாருக்கும் இந்த ஆசை பிடித்துக்கொண்டது. எதில் தொடங்கலாம்? ஐபிஎல் சூதாட்ட வழக்கு என்றால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். சென்னை அணி இரண்டு ஆண்டுகள் விளையாடாமல் போன கதை யாருக்குத்தான் மறக்கும்?

பாரிமுனை வக்கீல்:
தொடங்கவே வேண்டாம், அம்மா. 22 ஆண்டுகளாக உயர் நீதிமன்றப் படியேறுகிறேன்; விளையாட்டுச் சட்டம் என்று ஒன்றை அங்கே நான் பார்த்ததில்லை. 2019 ஐபிஎல் இறுதிப் போட்டி சேப்பாக்கத்திலிருந்து ஹைதராபாத்துக்கு ஏன் போனது? ஐ, ஜே, கே கேலரிகளைத் திறக்க அனுமதி கிடைக்கவில்லை. கட்டட அனுமதி விவகாரம், அவ்வளவுதான். ஜல்லிக்கட்டு என்றால் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். வீரரின் விளம்பர ஒப்பந்தம் என்றால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். கதம்ப சாதம் எந்த வயலில் விளைகிறது? என்னிடம் ஜூனியராக வரும் பிள்ளைகளுக்கு வக்காலத்தைப் பிழையில்லாமல் நிரப்பத் தெரியவில்லை. முதலில் அதை நடத்துங்கள்.

ஐந்தாமாண்டு மாணவி:
வக்கீல் ஐயா பக்கம்தான் நானும். கிரிக்கெட் வாரியம் 'அரசு' ஆகாது, ஆனாலும் அரசமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்ற 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அரசமைப்புச் சட்ட வகுப்பிலேயே படித்துவிட்டோம். மதிப்பெண் எளிதாக வரும் என்றுதான் பாதிப் பேர் இந்தப் பாடத்தில் சேர்வார்கள். நானும் சேரலாம்.

தரமணி ஆசிரியை:
சேப்பாக்கத்தை விட்டுக்கொடுக்கிறேன், ஐயா. ஊக்கமருந்தை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் ஆண்ட்ரியா ரடுகான் ஜிம்னாஸ்டிக்ஸில் தங்கம் வென்றார். வயது 16. அணி மருத்துவர் கொடுத்த சளி மாத்திரையில் தடைப் பட்டியலில் இருந்த சூடோஎஃபெட்ரின் இருந்தது, பதக்கம் போயிற்று. அந்தப் பெண் ஏமாற்ற நினைத்தார் என்று யாரும் சொல்லவில்லை. உடலுக்குள் எது போனாலும் வீரரே பொறுப்பு என்பது விதி. மேல்முறையீடு சுவிட்சர்லாந்தின் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தில்; விதிகளில் வேறு கெடு சொல்லப்படாவிட்டால் 21 நாள். இதை எந்த வகுப்பில் சொல்லித் தருகிறோம்?

பாரிமுனை வக்கீல்:
கருதாமல் செய்தாலும் பொறுப்பு என்பது 1868லேயே இங்கிலாந்தின் ரைலண்ட்ஸ் வழக்கில் வந்துவிட்டது. அது தீங்கியல், அதாவது இழப்பீட்டு வழக்குகளின் பாடம். சரி, லொசானுக்குப் போய் வாதாட என் ஜூனியருக்கு விமான டிக்கெட் எடுத்துத் தரப்போவது யார்?

வடசென்னைப் பயிற்சியாளர்:
நான் சட்டம் படித்தவன் அல்லன். மாநகராட்சி மைதானத்தில் கபடி சொல்லித் தருகிறேன். நீங்கள் இருவரும் ஐபிஎல்லிலும் சிட்னியிலும் நிற்கிறீர்கள். என் பெண் ஒருத்தியின் கதையைக் கேளுங்கள். மாநில அணித் தேர்வில் அவள் பெயர் முதலில் இருந்தது. வயதில் சந்தேகம் என்று கபடிச் சங்கத்தார் எடுத்துவிட்டார்கள். பிறந்த தேதி மருத்துவமனைச் சான்றில் ஆகஸ்ட் மாதம். பள்ளிச் சான்றில் ஜூன் 5. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது போதவில்லை என்று தலைமையாசிரியரே போட்ட தேதி. நம் ஊரில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில்தான் பிறந்திருக்கிறோம். இரண்டில் எந்தத் தேதியை எடுத்தாலும் அவள் வயது வரம்புக்குள்தான் வருகிறாள். 'எழுத்தில் முறையிடுங்கள்' என்றார்கள். யாருக்கு எழுதுவது என்று கேட்டால் பதில் இல்லை.

புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பறித்தார்கள். 2014இல் ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் என்பவரை, உடலில் ஆண் ஹார்மோன் அளவு அதிகம் என்று தடுத்தபோது அவர் அதே லொசான் மன்றத்துக்குப் போய், மறு ஆண்டு ஜூலையில் அந்த விதியையே நிறுத்திவைக்கச் செய்தார். சாந்தியின் பதக்கம் இன்னும் வரவில்லை. ஒருவருக்கு வழி காட்ட ஆள் இருந்தது, மற்றவருக்கு இல்லை. இதற்கு நீங்கள் எந்தப் பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

தரமணி ஆசிரியை:
அண்ணா, ஐபிஎல்லில் தொடங்குவதாகச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அந்த இரண்டு சான்றுகளையும் முதல் நாள் மேசைமேல் வைத்து, 'யாருக்கு எழுதுவாய், எத்தனை நாளில் எழுதுவாய்' என்று கேட்கலாமா?

பாரிமுனை வக்கீல்:
வயதுச் சான்று சாட்சியச் சட்டத்தில் வரும். இப்போதும் அதையேதான் சொல்வேன். அது இருக்கட்டும், தம்பி, திருத்திய பட்டியல் என்றைக்கு வந்தது? அணி என்றைக்குக் கிளம்பியது?

வடசென்னைப் பயிற்சியாளர்:
வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குப் பட்டியல், சார். ஞாயிறு இரவு எழும்பூரில் ரயில்.

பாரிமுனை வக்கீல்:
வெள்ளி மாலையா! விவரமானவர்கள். நடுவில் ஒரு வேலை நாள் கூட இல்லை. வீட்டில் போய் நீதிபதியைப் பார்த்து அவசர மனு கொடுத்திருக்கலாம். அதற்கும் வழி உண்டு. என் ஜூனியர்களில் யாருக்கும் அது தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அம்மா, அந்த ஒரு வகுப்பை மட்டும் நான் எடுக்கிறேன். பாடத்தின் பெயரைப் பலகையில் எழுதாதீர்கள்.

தரமணி ஆசிரியை:
எழுதுவேன், ஐயா. பெரிய எழுத்தில். அண்ணா, சான்றுகளின் நகல் கிடைக்குமா? பெயரை மறைத்துவிடுங்கள்.

வடசென்னைப் பயிற்சியாளர்:
ஜெராக்ஸ் மூன்று வைத்திருக்கிறேன். லேமினேட் செய்த அசல்தான் இன்னும் சங்க அலுவலகத்தில் கிடக்கிறது. அதை வாங்க யாருக்கு எழுத வேண்டும், சார்?