ஃபில்டர் மாட்டிய பிறகுதான் வண்டி நிற்க ஆரம்பித்தது

தூரப்பயணி

என் பைக் கார்புரேட்டர் காலத்தது, இருபது வயதைத் தாண்டிவிட்டது. டேங்குக்குள் டார்ச் அடித்தால் செக்கச்செவேல் என்று துரு. அது போய் அடைத்ததால், கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் நுண்துளையான ஸ்லோ ஜெட்டை இரண்டு முறை கழற்றி ஊதியாயிற்று. மூன்றாவது தடவை கை வைக்கப் பொறுமை இல்லாமல், பெட்ரோல் டியூபின் நடுவில் ஒரு ஃபில்டர் மாட்டினேன். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், உள்ளே மஞ்சள் காகித மடிப்பு. பார்க்க அம்சமாக இருந்தது. அரை மணி நேர வேலைதான்.

ஊருக்குள் ஓட்டும் வரை ஒரு குறையும் இல்லை. நெடுஞ்சாலையில் ஏறி 80 கி.மீ. வேகத்தில் ஒரு பத்து நிமிடம் போனதும் இழுவை செத்துவிட்டது. முறுக்க முறுக்க வேகம் இறங்குகிறது. பெட்ரோல் தீரும்போது வருமே, அதே தவிப்பு. ரிசர்வில் போட்டேன், மாற்றமில்லை. ஓரங்கட்டி இரண்டு நிமிடம் நின்றால் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. மறுபடி பத்து நிமிடம், மறுபடி அதே கதை.

நான் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் மீது சந்தேகப்பட்டேன். பிளக்கை மாற்றினேன். புதிதாக மாட்டிய பொருளின் மீது சந்தேகம் வரவே இல்லை பாருங்கள், அதுதான் வேடிக்கை. புத்தி வந்தபோது நடுரோட்டில் இருந்தேன். ஃபில்டரைக் கழற்றிவிட்டு டியூபை நேராகச் செருகலாம் என்றால், நான்தான் நடுவில் வெட்டியிருக்கிறேனே! எட்டவில்லை. 40-க்கு மேல் போகாமல் உருட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

இதே மாதிரி பட்டவர்கள் யாராவது உண்டா?

ஒர்க்‌ஷாப் கை

உண்டாவா? வாரத்துக்கு ஒண்ணு வருது சார்.

நீங்க மாட்டினது பம்ப் இருக்கிற வண்டிக்கான ஃபில்டர். உங்க வண்டியில பெட்ரோலைத் தள்ள பம்ப் கிடையாது, டேங்க் மேல இருக்கு, கார்புரேட்டர் கீழ இருக்கு, அவ்வளவுதான். உயர வித்தியாசம் 30 செ.மீ.ன்னு வெச்சுக்கிட்டா அழுத்தம் 2 கிலோபாஸ்கலைக் கொஞ்சம் தாண்டும். பழைய கார்ல இருக்கிற சாதாரண டயாஃப்ரம் பம்ப் இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல தள்ளும். அந்தத் தள்ளலுக்குன்னு செஞ்ச காகிதத்தை இங்க வெச்சா பெட்ரோல் சொட்டுச் சொட்டாத்தான் இறங்கும். தானா இறங்குற வண்டிக்கு நைலான் வலையோ பித்தளை வலையோ உள்ள ஃபில்டர்தான் சரி.

பத்து நிமிடக் கணக்கு எப்படி வருதுன்னு பாருங்க. 80-ல போகும்போது லிட்டருக்கு 35 கி.மீ. கொடுத்தா, மணிக்கு 2.3 லிட்டர் குடிக்குது. நிமிடத்துக்கு 38 மில்லி. ஃபில்டர் 34 மில்லிதான் விடுதுன்னா நிமிடத்துக்கு 4 மில்லி பற்றாக்குறை. கார்புரேட்டர்ல பெட்ரோல் தேங்கி நிக்கிற மிதவைக் கிண்ணத்துல 40 மில்லி இருந்தா பத்து நிமிடத்துல காலி. நின்னீங்கன்னா கிண்ணம் மெதுவா ரொம்பிடும், ஸ்டார்ட் ஆயிடும். ஊருக்குள்ள அவ்வளவு குடிக்கிறதே இல்லை, அதனால அங்க தெரியாது.

சந்தேகமா இருந்தா கார்புரேட்டர் பக்கம் டியூபைக் கழற்றி, அளவு போட்ட பாட்டில்ல ஒரு நிமிடம் பிடிச்சுப் பாருங்க. இன்ஜின் ஆறியிருக்கணும், பக்கத்துல நெருப்பு, சிகரெட் எதுவும் கூடாது. தேவையைப் போல மூணு மடங்காவது வரணும், ஏன்னா போற வழியில, கிண்ணம் நிறைஞ்சதும் அடைக்கிற மிதவை ஊசியும் தடுக்கும். டேங்க்ல பெட்ரோல் குறைவா இருக்கும்போது பிடிச்சாத்தான் உண்மை தெரியும். டேங்க் அடியில இருக்கிற பெட்ரோல் டேப், இன்ஜின் உறிஞ்சினாத்தான் திறக்கிற வேக்குவம் டேப்பா இருந்தா, எப்பவும் திறந்திருக்கிற பிரைம் நிலையில திருப்பி வெச்சுப் பிடிக்கணும், இல்லாட்டி ஒரு சொட்டு வராது. அதைப் பார்த்து டேப்பே போச்சுன்னு புதுசு வாங்கினவங்களும் உண்டு.

பழைய வண்டிக்காரன்

வலை ஃபில்டரே மாட்டியும் நான் ஒரு வாரம் தூக்கத்தைத் தொலைத்தேன். காரணம், அது பாதிதான் நிரம்பியிருந்தது. மேல்பாதியில் காற்று. ஏர் லாக், அதாவது காற்று அடைத்துக்கொண்டது என்று நினைத்து மூன்று முறை கழற்றி மாட்டினேன், விரலால் சுண்டினேன், வண்டியைச் சாய்த்துப் பார்த்தேன். நாலாம் நாள் மறுபடி பாதி. கடைசியில் அப்படியே ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை, இன்று வரை பாதிதான். பெட்ரோல் வழிந்தோட இடம் இருந்தால் போதும், ஃபில்டர் ததும்ப வேண்டியதில்லை.

உண்மையான ஏர் லாக் வேறு மாதிரி. டியூப் டேப்பிலிருந்து இறங்கி, மறுபடி மேலே ஏறி, பிறகு இறங்கினால் அந்த மேட்டில் காற்று குந்திக்கொள்ளும். இருக்கிற டியூபுக்குள் ஃபில்டரைத் திணித்தால் நீளம் கூடி இந்த மேடு தானாக வந்துவிடும். ஃபில்டரின் உடல் எவ்வளவு நீளமோ அவ்வளவு டியூபை வெட்டி எடுத்துவிட வேண்டும். இரண்டு பக்க மூக்கும் டியூபுக்குள் போய்விடும், அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. டேப்பிலிருந்து கார்புரேட்டர் வரை இறக்கம், இறக்கம், இறக்கம் மட்டுமே.

கண்ணாடி ஃபில்டர் ஆசையும் எனக்கு இருந்தது. இரு பக்கமும் பளபளக்கும் உலோக மூடி, திருகிக் கழுவிக்கொள்ளலாம். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் உள்ளே இருந்த ரப்பர் வளையம் காய்ந்து, கசிவு சிலிண்டரைக் குளிர்விக்கும் தகடுகள் மேலேயே சொட்டியது. வாசனை வந்ததால் பிழைத்தேன். அன்றோடு தூக்கி எறிந்தேன். அழகுக்கு வண்டியில் வேறு இடமா இல்லை?

தூரப்பயணி

டேப்பிலேயே உள்ளே வலை இருக்கிறதே, பிறகு எதற்கு இன்னொன்று என்று என் மச்சான் கேட்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஒர்க்‌ஷாப் கை

மச்சான் சொல்றது சுத்தமான டேங்குக்குச் சரி. அந்த வலை கண் பெருசு. துருச் செதிலை நிறுத்தும், மாவு மாதிரி இருக்கிற துருவை நிறுத்தாது. ஸ்லோ ஜெட்டை அடைக்கிறது அந்த மாவுதான். இன்னொண்ணு, பழைய டேப்புல அந்த வலை கிழிஞ்சு போயிருக்கும், கழற்றிப் பார்க்காம யாருக்கும் தெரியாது.

இரவுப்பணி

என் அனுபவம் ஃபில்டருக்கு அப்புறம் நடந்தது. அதாவது ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள நாலு விரல் டியூபில்.

புது டியூபைப் பழைய கட்டிங் பிளேயரால் கடித்து வெட்டினேன். மூக்கில் ஏறவில்லை என்று முறுக்கி முறுக்கித் தள்ளினேன். உள்சுவரில் இருந்து ஒரு ரப்பர் துணுக்கு உரிந்திருக்கிறது. ஃபில்டரைத் தாண்டிய இடம், இனி தடுக்க ஆளில்லை. நேரே போய் மிதவை ஊசியின் அடியில் உட்கார்ந்துகொண்டது. டேப்பை மூடாமல் வேலைக்குப் போய்விட்டேன்.

காலையில் வண்டிக்குக் கீழே ஈரம். அது கூடப் பரவாயில்லை. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் மட்டம் ஏறியிருக்கிறது, முகர்ந்தால் பெட்ரோல்! வழிந்ததில் ஒரு பங்கு இன்ஜினுக்குள் போயிருக்கிறது. அந்த ஆயிலோடு ஸ்டார்ட் செய்திருந்தால் பேரிங் கதை முடிந்திருக்கும். முழு ஆயிலையும் வடித்துப் புது ஆயில் ஊற்றினேன்.

இப்போது புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டுகிறேன். டியூப் முனையைச் சுடுநீரில் ஒரு நிமிடம் முக்கி, ஈரம் துடைத்து, காற்று ஊதிவிட்டு ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போகிறது. கிளிப்பும் ஸ்பிரிங் கிளிப்தான். திருகுக் கிளிப்பை ஒரு திருகு அதிகமாக இறுக்கினால் பிளாஸ்டிக் மூக்கு விரிசல் விடும். டியூபின் உள்விட்டத்தையும் பாருங்கள்: 6 மி.மீ. மூக்கில் 8 மி.மீ. டியூபை மாட்டிக் கிளிப்பால் நெரித்துச் சமாளிக்க முடியாது, கசியும்.

புதுவண்டி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டி. அதற்கும் இப்படி ஒன்று வெளியே மாட்டலாமா?

ஒர்க்‌ஷாப் கை

தம்பி, வேண்டவே வேண்டாம். அங்க டேங்குக்குள்ளேயே பம்ப் இருக்கு, பெரும்பாலும் 300 கிலோபாஸ்கலை ஒட்டி அழுத்தம். இதுக்கு முன்னாடி சொன்ன 2-ஐயும் இந்த 300-ஐயும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. இந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பா பிதுங்கிப் பீய்ச்சும், கீழ சூடான இன்ஜின். உங்க வண்டி ஃபில்டர் பம்போட சேர்ந்தே இருக்கும், அதை மாத்துறதுதான் வேலை.

தூரப்பயணி

முடிவைச் சொல்ல வந்தேன். பாதி டேங்க் பெட்ரோலில் பாட்டில் வைத்துப் பிடித்தேன். காகித ஃபில்டரோடு நிமிடத்துக்கு 45 மில்லி. வலை ஃபில்டரோடு 230. ஃபில்டர் மேல் உள்ள அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்த்திருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்து மாட்டிவிட்டேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆர்வக்கோளாறில் ஒரு நிமிடத்தோடு நிறுத்தாமல் தொடர்ந்து பிடித்தேன். நான்காவது நிமிடத்தில் ஓட்டம் மெலிந்து நூல் மாதிரி ஆகிவிட்டது, புது ஃபில்டரோடும்! டேங்க் மூடியைத் திறந்தேன், உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தது, பழையபடி கொட்ட ஆரம்பித்தது. மூடியில் இருக்கும் காற்றுத் துளை மண்ணடைத்துக் கிடந்திருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தேன். ஆக, நெடுஞ்சாலையில் என்னை நிறுத்தியது காகிதமா, மூடியா, இரண்டும் கூட்டணியா என்று இனி தெரியப்போவதில்லை. நேற்று ஒன்றரை மணி நேரம் விடாமல் 80-லேயே போய் வந்தேன், ஒரு திணறல் இல்லை.

மூன்று வாரத்தில் ஃபில்டரின் அடியில் நகக்கண் அளவுக்குச் செம்பொடி சேர்ந்திருக்கிறது. டேங்கை இறக்கிக் கழுவாமல் தீராது போல. சிட்ரிக் அமிலம் ஊற்றிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எத்தனை மணி நேரம் ஊற வைத்தீர்கள்? கழுவிக் காய்வதற்குள் மறுபடி துரு பூக்காமல் இருக்க என்ன செய்தீர்கள்?