இரும்போடு பழகியவர்கள் எழுதுங்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு நாள்

கொட்டகலையான்:
எங்கள் தோட்டத்து இஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, மூடி ஆறேழு வருஷம். போன மாசியில் பழைய இரும்பு வாங்குகிறவர் லொறியோடு வந்துவிட்டார். கொழுந்தை உருட்டுகிற ரோலரின் பித்தளை முதல் நாளே போய்விட்டது. அடுத்தது கொழுந்தைக் காயவைக்கிற டிரையர். அப்பா முப்பத்தோரு வருஷம் அதன் அடுப்புக்கு விறகு போட்டவர். பார்க்க வரமாட்டேன் என்றவர், கேஸ் கட்டர் சத்தம் கேட்டதும் செருப்புகூடப் போடாமல் வந்து நின்றார். தகடெல்லாம் வெட்டுப்பட்டது. அடுப்புக் கதவு வார்ப்பிரும்பு, கேஸுக்குச் சரியாக மசியவில்லை. சம்மட்டியை எடுத்தார்கள். அதில் 'சிரோக்கோ, பெல்பாஸ்ட்' என்று எழுத்து. அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, ஆனால் அந்த எழுத்துகளைத் தினமும் துடைத்தவர். "தம்பி, அந்தக் கதவ மட்டும் விட்ருப்பா" என்றார். இரும்புக்காரர் கிலோ விலை சொன்னார். என் கையில் அன்று அவ்வளவு இல்லை. யாரிடமாவது கடன் மாறியிருக்கலாம்.

அசாம் பக்கம் தேயிலை போட்ட டேவிட்சன் 1881இல் பெல்பாஸ்டில் தொடங்கிய பட்டறைதான் சிரோக்கோ. டைட்டானிக் கட்டியதும் அதே ஊரில்தான். அந்தக் காலத்து இரும்பு இனி வராது.

தலவாக்கலை வெல்டர்:
நான் கொழும்பில் ஒரு கப்பல் பட்டறையில் ஒன்பது வருஷம் இருந்தேன். முதல் வருஷம், கப்பலின் அடித்தொட்டிக்குள் குனிந்தபடி ஒரு நீள வெல்டிங் தையலை ஒரே ஓட்டமாகப் போட்டுவிட்டேன். தகடு கண்ணெதிரே அப்பளம் மாதிரி வளைந்தது. என்னோடு இருந்த சிங்கள பாஸ், கைதேர்ந்த தொழிலாளி, ஒரு வார்த்தை ஏசவில்லை. சோக்கட்டியால் தகட்டில் சின்னச் சின்ன அம்புக்குறி போட்டார், எல்லாம் பின்னோக்கி. தையல் போகிற திசைக்கு எதிராகத் துண்டு துண்டாகப் போட்டால், ஆறும்போது இழுக்கிற இழுப்பு ஒரே பக்கம் சேராது. அப்புறம் ஃபோர்மன் வந்தபோது பிழை தன்னுடையது என்று சொன்னார். நான் வாய் திறக்கவில்லை.

பதுளைப் பட்டறை:
கொட்டகலை அண்ணன் சொல்வதை ஏற்க முடியாது. டைட்டானிக்கின் முன்னும் பின்னும், தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணியை அடிக்கும் மெஷின் எட்டாத இடங்களில், தேனிரும்பு (பழைய வகை மெல்லிரும்பு) ரிவெட்டைக் கையால்தான் அடித்தார்கள். கடலடியிலிருந்து எடுத்துச் சோதித்தவற்றில் கசடு அதிகம் இருந்தது. பழையது என்பதற்காக எல்லாம் உசத்தி ஆகாது.

நானும் ஒரு ரோலரின் வார்ப்பிரும்புக் காலில் விழுந்த வெடிப்பைச் சாதாரண வெல்டிங் ராடால் ஒட்டினேன். ஆறியதும் 'டிங்' என்று பக்கத்திலேயே புது வெடிப்பு. இஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. வார்ப்பிரும்பு ஒட்டுகிறவர்கள் கவனியுங்கள்: வெடிப்பின் இரண்டு நுனியிலும் முதலில் துளை போடுங்கள், இல்லாவிட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும். பிளவை வி வடிவில் அரையுங்கள். நிக்கல் ராட், அதுவும் ஒரு அங்குலத்துக்கு மேல் ஒரே மூச்சில் போடக் கூடாது. சூடு இருக்கும்போதே சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கை வைக்கிற அளவு ஆறிய பிறகுதான் அடுத்த அங்குலம். முடிந்ததும் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், சாம்பலால் மூடி இரவு முழுக்க விடுங்கள். அண்ணன் அந்தக் கதவையும் இப்படி ஒட்டலாம்.

கொட்டகலையான்:
தம்பி, துண்டுகள் லொறியில் போய்விட்டன. அப்பா மடியில் கட்டி எடுத்து வந்தது ஒன்றுதான். அதில் இரண்டு எழுத்து இருக்கிறது.