ஓட்டு மெஷின்: பூத் ஏஜெண்டா உக்காரப் போறேன், எத கவனிக்கணும்?

பாம்பன்காரன்:
வணக்கம். அடுத்த எலெக்சன்ல எங்க பூத்துல ஏஜெண்டா உக்காரச் சொல்லிருக்காங்க, மொத தடவ. 2024 ஏப்ரல் 19 எம்பி எலெக்சன்லேருந்தே மனசுல ஒரு உறுத்தல். அப்பத்தா பட்டன அமுக்கிட்டு விவிபேட் (போட்ட சின்னத்த சீட்டுல அடிச்சுக் காட்டுற பெட்டி) கண்ணாடிக்கிட்ட குனியறதுக்குள்ள லைட் அணைஞ்சு சீட்டு உள்ள விழுந்துருச்சாம், "நான் போட்டதுதானாய்யா விழுந்துச்சு"ன்னு வீடு வர்ற வரைக்கும் கேட்டுச்சு, எனக்குப் பதில் தெரியல. அந்தத் தடவ நம்ம ராமநாதபுரம் தொகுதில ஓ.பன்னீர்செல்வம்ங்கிற பேர்லயே பல பேர் நின்னாங்க, சின்னத்த பாத்தாத்தான் ஆளே தெரியும். வலை பின்னுற எடத்துல, மெஷின்ல விழுந்த ஓட்ட ப்ளூடூத்ல மாத்திருவாங்கன்னு தெனமும் பேச்சு. நெசமா எங்க தப்பு நடக்கலாம்?

தங்கச்சிமடம் அண்ணன்:
தம்பி, அது பேட்டரில ஓடுற மெஷின், நெட்டு கனெக்சன் கெடையாது. ஆனா 2010ல ஹரிபிரசாத், ஹால்டர்மேன், கோங்ரிப்னு கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்காரங்க மூணு பேரும் மெஷின கழட்டி டிஸ்ப்ளே போர்ட மாத்திட்டா போன் வழியா ரிசல்ட்ட மாத்திக் காட்டலாம்னு செஞ்சே காட்டுனாங்க, அப்ப விவிபேட் இல்ல. அதனால மெஷின் யார் கையில எத்தன நாள் இருக்குங்கிறதுதான் விசயம், 2024ல ஓட்டுப் போட்டு 46 நாள் கழிச்சுத்தான் எண்ணுனாங்க. 7 மணிக்கு ஓட்டுன்னா நீ 5:30க்கே உள்ள இருக்கணும். மாக் போல்ல, அதாவது நெச ஓட்டுக்கு முன்னாடி நடக்குற சோதன ஓட்டுல, கொறஞ்சது 50 ஓட்டு போடுவாங்க, சீட்டையும் கணக்கையும் சரி பாரு, யாவாரி தராசுல படிக்கல் வச்சுப் பாக்குறோம்ல அது மாதிரி. அப்புறம் கிளியர் பண்ணி டோட்டல் ஜீரோ காட்டணும். சீல் நம்பர நோட்டுல எழுதிக்க. சாயங்காலம் 17சி (பூத்துல பதிவான ஓட்டுக் கணக்கு ஃபாரம்) காப்பி கைக்கு வராம எந்திரிக்காத, மெஷின் நம்பரும் மொத்த ஓட்டும் அதுலதான் இருக்கும்.

கீழக்கரை காக்கா:
படிக்கல்ல காலைல மட்டுந்தானே வைக்கிறோம், பகல் முழுக்க நடக்குறதுக்கு சீட்டுதான சாட்சி? அந்த சீட்ட ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 பூத்துல மட்டும் எண்ணுறாங்க, நம்ம எம்பி தொகுதில 6 சேர்ந்து 30. முழுசா எண்ணணும்னு கேட்டத 2024 ஏப்ரல் 26ல சுப்ரீம் கோர்ட்டு தள்ளிருச்சு, விவிபேட்ல சின்னம் ஏத்துற யூனிட்ட 45 நாள் சீல் வச்சு வைக்கச் சொன்னாங்க. ஜெர்மனில 2009லயே கோர்ட்டு, டெக்னிக்கல் அறிவு இல்லாத சாதாரண ஆளும் கணக்க சரி பாக்க முடியணும்னு சொல்லிருச்சு. நான் கேக்குறதும் அம்புட்டுத்தான், பேப்பர் இருக்கு, எண்ணுங்க.

மண்டபம் அக்கா:
தம்பி, பார்வ கம்மியா இருந்து சின்னம் தெரியலன்னா 18 வயசு தாண்டின ஒருத்தர தொணைக்குக் கூட்டிட்டுப் போகலாம், ஆபீசர்கிட்ட மொதல்லயே சொல்லிரணும். சீட்டுல வேற சின்னம் விழுந்துச்சுன்னு சொன்னா எழுதி வாங்கிட்டு டெஸ்ட் ஓட்டு போடச் சொல்வாங்க, பொய்னு ஆயிருச்சுன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 5000 ரூவா வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டுமே. அதக் கேட்டா எந்தப் பொம்பள வாயத் தொறப்பா? இந்த ரூல மாத்தணும், நெசமாத்தான் சொல்றேன். ஆனா எண்ணுற எடத்துல சீட்டுக்கும் மெஷினுக்கும் கணக்கு இடிச்சா சீட்டுதான் செல்லும், அத மறந்துறாத.

பாம்பன்காரன்:
நன்றிண்ணே, காக்கா, அக்கா. அப்பத்தா கூட அடுத்த தடவ தங்கச்சிய அனுப்புறேன். ஆபீசர் தர்ற 17சி காப்பிய கவுண்டிங் ஏஜெண்ட்கிட்ட குடுத்துட்டு செராக்ஸ் நான் வச்சுக்கலாமா?

தங்கச்சிமடம் அண்ணன்:
ரெண்டு செராக்ஸ் எடு. போன்லயும் போட்டோ பிடிச்சு வச்சுக்க, பூத்த விட்டு வெளிய வந்து.