527 யூனிட் வந்திருக்கிறது, கரண்ட் எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈரோட்டுத்தம்பி:
வணக்கம். போன முறை 468 யூனிட், இந்த முறை 527. கூடியது 59 யூனிட்தான், ஆனால் பணம் அதற்கு மேல் ஏறிவிட்டது. வீட்டில் ஏசி கிடையாது. நாலு பழைய ஃபேன், ஃபிரிட்ஜ், 1 எச்பி மோட்டார், கீசர், இன்வர்ட்டர், டிவி, அவ்வளவுதான். கணக்குப் போடலாம் என்று உட்கார்ந்தால் ஒன்றில் வாட், ஒன்றில் எச்பி, இன்வர்ட்டரில் விஏ, ஃபிரிட்ஜ் ஸ்டிக்கரில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கிறது. மீட்டரிலும் எண்கள் மாறி மாறி ஓடுகின்றன. யூனிட் என்றால் மணிக்கு ஒரு கிலோவாட் என்கிறார்கள், சரிதானா?

வயரிங்_மாமா:
தம்பி, அந்த 'மணிக்கு' என்ற சொல்லில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். வாட் என்பதே வேகம். வண்டியில் முள் காட்டுகிறதே, அது கிலோவாட். கீழே ஏறிக்கொண்டே போகும் கிலோமீட்டர் கணக்குதான் யூனிட். கிலோவாட்டை ஓடிய மணியால் பெருக்க வேண்டும், வகுக்கக் கூடாது. 2000 வாட் கீசர் அரை மணி ஓடினால் 1 யூனிட், 10 வாட் எல்ஈடி பல்பு அதே 1 யூனிட்டைத் தின்ன 100 மணி நேரம் ஆகும். 1 எச்பி என்பது 746 வாட், ஆனால் அது மோட்டார் தண்டு கொடுக்கும் வேலை; கம்பியிலிருந்து கிட்டத்தட்ட 1000 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் முக்கால் மணி ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். இன்வர்ட்டரில் போட்டிருக்கும் விஏ அது எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்குத்தான், அதை வைத்துச் செலவைக் கணக்கிட முடியாது. மீட்டரில் கேடபிள்யூஎச் (kWh, அதாவது யூனிட்) என்று பக்கத்தில் வரும் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கோவை_அக்கா:
பணம் ஏன் ஏறியது என்பதற்கு: நம் தமிழ்நாட்டில் இரண்டு மாத பில்லுக்கு 500 யூனிட் ஒரு பெரிய கோடு. முதல் 100 எல்லோருக்கும் இலவசம். அதற்கடுத்த 101 முதல் 200 வரை பாதி விலைதான், ஆனால் மொத்தம் 500க்குள் இருந்தால் மட்டும். தாண்டினால் அந்த 100 யூனிட்டுக்கும் முழு விலை, 500க்கு மேல் உள்ளதற்கு இன்னும் கூடுதல் விலை. அதனால்தான் 501வது யூனிட் அவ்வளவு வலிக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் 60 நாளில் 480தான் வரும். பழைய ஃபேன் சுமார் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் புது வகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினாலே இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். நான் அப்படித்தான் ஒவ்வொன்றாக மாற்றினேன்.

மீட்டர்_பார்வை:
ஃபேன் வாங்கும் முன்னால் காசு செலவில்லாத ஒரு வேலை செய்யுங்கள். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும், பக்கத்திலேயே 3200 இம்பல்ஸ் அல்லது 1600 என்று அச்சடித்திருப்பார்கள். 3200 என்றால் அத்தனை முறை மின்னினால் 1 யூனிட். இரண்டு மின்னலுக்கு நடுவே எத்தனை வினாடி என்று பார்த்து 1125ஐ அதால் வகுங்கள், அந்த நேரம் வீடு இழுக்கும் வாட் வந்துவிடும். 1600 மீட்டர் என்றால் 2250ஐ வகுக்க வேண்டும். ராத்திரி ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, டார்ச்சோடு போய்ப் பாருங்கள்.

ஈரோட்டுத்தம்பி:
பார்த்தேன் அண்ணா! என்னுடையது 3200தான். எல்லாம் அணைத்த பிறகும் 22 வினாடிக்கு ஒரு முறை மின்னியது, அப்படியானால் 51 வாட். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில், இன்வர்ட்டரைக் கழற்றியதும் இடைவெளி 70 வினாடி ஆகிவிட்டது. மிச்சம் செட்டாப் பாக்ஸும் மோடமும்தான். ஆக இன்வர்ட்டர் மட்டும் 35 வாட், அதுவும் கரண்ட் போகாத நாளிலும். இரண்டு மாதத்துக்கு 50 யூனிட்!

வயரிங்_மாமா:
பேட்டரி எத்தனை வருடம் ஆகிறது? பழைய பேட்டரி முழுதாக ஏறவே ஏறாது, இன்வர்ட்டர் சார்ஜ் போட்டுக்கொண்டே இருக்கும். முதலில் மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பாருங்கள்.

ஈரோட்டுத்தம்பி:
ஆறு வருடம் ஆகிறது மாமா. தண்ணீர் அளவைக் காட்டும் மிதவை அடியில் உட்கார்ந்திருக்கிறது.