விதைக்குள் செடி முன்பே இருக்கிறதா?

புதுத்தொட்டி:
பையனுக்குக் காட்டலாம் என்று ஐந்து பீன்ஸ் விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். மூன்று முளைத்தன, இரண்டு அழுகி ஒரே நாற்றம். ஊறிய இன்னொரு விதையைப் பிளந்தால், இரண்டு பருப்புக்கு நடுவே நரம்போடு இரண்டு குட்டி இலைகள்! அது எப்போது உள்ளே வந்தது? அப்புறம் தலைகீழாக வைத்த விதையிலும் வேர் வளைந்து கீழேதான் போகிறது, எப்படி?

விதைப்பித்தன்:
காய்க்குள் இருக்கும்போதே உருவானதுதான் அது. மகரந்தத் துகள் பூவின் சூலகமுடியில் (பெண்பாகத்தின் நுனி) ஒட்டியதும், அதிலிருந்து ஒரு குழல் அடியில் சூற்பைக்குள் இருக்கும் சூல் வரை இறங்கி இரண்டு ஆண் செல்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒன்று முட்டையோடு சேர்ந்து கரு ஆகிவிடும், இன்னொன்று அங்கே இருக்கும் இரண்டு உட்கருக்களோடு கூடி, கருவுக்குத் தீனி போடும் திசுவாகும் (1898இல் ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் இதை லில்லிப் பூவில் கண்டுபிடித்தார்). சூல் விதையாகும், சூற்பை காயாகும். பீன்ஸில் அந்தத் தீனியை விதை முற்றுவதற்குள் கரு தின்று தீர்த்து, தன் இரண்டு விதையிலைகளில் சேர்த்துக்கொள்கிறது. நீங்கள் பருப்பு என்பது அதைத்தான். மக்காச்சோளத்தில் தீனி கடைசிவரை தனியாகவே இருக்கும். கதிரில் தொங்குகிற பட்டு நூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்கு உரியது, நூலுக்கு மகரந்தம் கிடைக்காவிட்டால் அந்த இடம் பொக்கை. எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து கதிரை உரித்ததும் முதலில் பொக்கையைத்தான் தேடுகிறேன்.

ஈரமண்:
வேர் விஷயம்: வேர்நுனி மூடியின் செல்களில் கனமான மாவுச்சத்து மணிகள் உண்டு. வேர் படுத்திருந்தால் அவை உருண்டு செல்லின் அடிப்பக்கம் போய்ப் படியும். உடனே ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழ்ப்பக்கமாகத் திரளும். வேரில் ஆக்சின் கூடினால் வளர்ச்சி மட்டுப்படும், மேல்பக்கம் மட்டும் நீள்வதால் நுனி கீழே வளைகிறது. தண்டில் இதே ஆக்சின் நேர்மாறாக வேலை செய்யும், அதனால்தான் அது மேலே போகிறது.

அழுகியதற்குத் தண்ணீர் அதிகமாகியிருக்கலாம். ஊறிய விதை வேகமாக மூச்சு விடும், தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் அதற்குக் காற்று ஏது? துணியை நன்றாகப் பிழிந்துவிட்டுச் சுற்றுங்கள். வெளிச்சம் வேண்டாம்.

சும்மாபடிப்பவன்:
சிலவற்றுக்கு வெளிச்சம் வேண்டுமே, பல லெட்யூஸ் (சாலட் கீரை) ரகங்களைப் புதைத்தால் முளைக்காது.

ஈரமண்:
சரிதான், நான் சொன்னது பீன்ஸுக்கு.

புதுத்தொட்டி:
துணியைச் சொட்டச் சொட்ட வைத்தது நான்தான். முளைத்ததில் ஒன்றை இப்போது பக்கவாட்டில் படுக்க வைத்திருக்கிறேன், நாளைக் காலை வேர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பையனே எழுதுவான்.