பழுதான ஜேசன் பதிவுகளைக் கையாளும் முறை குறித்து உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். பல கடைகளிலிருந்து இரவுதோறும் வரும் சரக்கு விவரங்களை, வரிக்கு ஒரு ஜேசன் (JSON, தரவைப் பெயர்-மதிப்பு இணைகளாக எழுதும் வடிவம்) பதிவாகப் பைத்தான் நிரல்மொழியில் படித்துத் தரவுத்தளத்தில் சேர்க்கும் நிரலொன்றைப் பராமரித்து வருகிறேன். அடைப்புக்குறி விடுபட்ட வரிகளால் தொல்லையில்லை. நிரல் உடனே பிழை காட்டிவிடுகிறது. சத்தமின்றி உள்ளே நுழைந்துவிடும் பதிவுகள்தாம் சிக்கல்.

சென்ற வாரம் ஒரே பதிவில் "விலை" என்ற பெயர் இருமுறை வந்திருந்தது: முதலில் 450, பிறகு 45. பைத்தானின் ஜேசன் தொகுதி எந்த எச்சரிக்கையும் இன்றிக் கடைசி மதிப்பை எடுத்துக்கொண்டதால், 45 ரூபாய் என்றே பதிவாகிவிட்டது. ஜேசன் வடிவத்தின் விதிகளைக் கூறும், 2017இல் வெளியான ஆர்.எஃப்.சி. 8259 (RFC 8259) என்ற ஆவணம், பெயர்கள் திரும்ப வரக்கூடாது என்று பரிந்துரைக்கிறதே ஒழியக் கட்டாயப்படுத்தவில்லை. எண்ணல்லாத மதிப்பைக் குறிக்கும் "நேன்" (NaN) என்பதை அந்த ஆவணம் அனுமதிப்பதே இல்லை. பைத்தானோ அதையும் இயல்பாக ஏற்றுக்கொள்கிறது. (தமிழில் அதை "நான்" என்று எழுதி, குறிப்பேட்டைப் படித்தவர்களைக் குழப்பியது தனிக்கதை.)

பைத்தானின் ஜேசன் தொகுதியில் உள்ள "பார்ஸ்_கான்ஸ்டன்ட்" (parse_constant) என்ற அமைப்பின் வழியாக நேன் மதிப்பைத் தடுத்துவிட்டேன். அதிலேயே உள்ள "ஆப்ஜெக்ட்_பேர்ஸ்_ஹுக்" (object_pairs_hook) என்ற அமைப்பைக் கொண்டு இரட்டைப் பெயர்களைப் பிடிக்க முடிகிறது. ஆனால் அதற்குப் பெயர்-மதிப்பு இணைகள் மட்டுமே கிடைப்பதால், பதிவுக்குள் எந்த அடுக்கில் பிழை என்று கடைக்காரருக்குச் சொல்ல இயலவில்லை. அந்த இடத்தைக் கண்டறிய எளிய வழி உண்டா?

மேலும், ஒரு வரி பழுதானால் கோப்பு முழுவதையும் திருப்பி அனுப்புகிறீர்களா, அல்லது அந்த வரியை மட்டும் ஒதுக்கி வைக்கிறீர்களா? ஒதுக்கி வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது; எனினும், ஒதுக்கிய வரிகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற அச்சமும் இருக்கிறது. இத்தகைய வேலையில் அனுபவம் உள்ளவர்கள் தாங்கள் பின்பற்றும் முறையைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.