ரவுண்டானாவுக்கு முன் எவ்வளவு வேகம்? வெள்ளிக்கிழமை ஓட்டுநர் தேர்வு!

புதுவரவு: இந்த நாட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. நேற்று ரவுண்டானாவை நெருங்கும்போது நடுவில் ஒரு மண்மேடு, அதன்மேல் புதர். எதிர்ப்பக்கம் எதுவுமே தெரியவில்லை. பயந்து பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த வேன் மயிரிழையில் நின்றது. இரவெல்லாம் தூக்கமில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பழையகுடி: தம்பி, இதெல்லாம் ஒரு கஷ்டமா? எனக்கு முதல் ஆறு மாதம் காரே கிடையாது. பனியில் நாற்பது நிமிடம் நடந்து வேலைக்குப் போனேன். நீங்களும் கொஞ்ச நாள் பஸ்ஸில் போங்கள்.

மாடிவீடு: வலப்பக்கம் பாருங்கள். வண்டி இல்லையென்றால் நிற்காமல் நுழையுங்கள்.

நாடோடி: தவறு. இடப்பக்கம்தான் பார்க்க வேண்டும். எதற்கும் நின்றுவிட்டே போங்கள்.

பழையகுடி: சாலை போடுகிறவர்களைச் சொல்ல வேண்டும். நேராக வருகிற சாலையைக் கடைசியில் கோணலாக வளைத்துவிடுகிறார்கள். வரி வாங்க மட்டும் நேராக வருகிறார்கள்.

கோடுபோடுபவன்: அண்ணா, அந்தக் கோணலைப் போடுவதுதான் என் பிழைப்பு. நேராக விட்டால் யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை. அதனால் நுழைவில் ஒரு திட்டு வைத்து வண்டியை வளைத்து விடுகிறோம். வளைவின் ஆரம் குறைந்தால் வேகமும் குறையும். பிரிட்டனில் வழக்கமான ரவுண்டானாவில் நுழைவுப் பாதையின் ஆரம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. புதரும் சும்மா வளரவில்லை. எதிர்ப்பக்கம் தெரிந்தால் தூரத்திலிருந்தே கணக்குப் போட்டு அதே வேகத்தில் பாய்வார்கள். பிரிட்டனில் ரவுண்டானாவை நெருங்கும் வேகச் சாலைகளில் குறுக்கே மஞ்சள் பட்டைகளும் உண்டு. நெருங்க நெருங்க அவற்றின் இடைவெளி சுருங்கும்; ஒரே வேகத்தில் போனாலும் வேகம் கூடுவதுபோல் தோன்றி, கால் தானாக பிரேக்கைத் தேடும்.

புதுவரவு, மேடு கண்ணில் பட்டதுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். வளைவு தொடங்குமுன் இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். நுழைவுக் கோட்டருகே வழி இருந்தால் நிற்க வேண்டாம். மாடிவீடு சொன்னது இடதுபக்கம் ஓட்டும் நாட்டுக்கு, நாடோடி சொன்னது வலதுபக்கம் ஓட்டும் நாட்டுக்கு. நீங்கள் எந்த நாடு?

புதுவரவு: மன்னிக்கவும், சொல்ல மறந்துவிட்டேன். வலதுபக்கம் ஓட்டும் நாடு. கார் ஆட்டோமேட்டிக், கியர் மாற்றும் வேலையே இல்லை.

கோடுபோடுபவன்: அப்படியானால் கியரை விடுங்கள், காலை இன்னும் சற்று முன்பே எடுங்கள். வியாழக்கிழமை அதே ரவுண்டானாவில் நான்கு முறை சுற்றிப் பாருங்கள்.